தீவகத்து மரக்கறியுணவும் கிணற்று நீரும்

உணவைப்பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் இரண்டு நோக்கங்களுள் ஒன்றினைக் கைக்கொள்வர். அறநூலார் கொல்லாமையை முன்வைத்துப் புலாலை விலக்குமாறு கூறுவர். மருத்துவநூலார் உடல்நலத்தை முன்வைத்து, இன்னது கொள்க, இன்னது தள்ளுக என வகுத்துரைப்பர். இவ்விரு நோக்கங்களும் தமிழருக்குப் புதியன அல்ல. திருவள்ளுவர் துறவறவியலிலே புலான்மறுத்தலுக்கென ஓரதிகாரமும், பொருட்பாலிலே மருந்துக்கென ஓரதிகாரமும் வகுத்திருத்தலை யாவரும் அறிவர். ஆயின், அண்மைக் காலத்தில் மூன்றாவது நோக்கமொன்று வலுப்பெற்றுள்ளது. நாம் உண்ணும் உணவு, தன்னை விளைவித்த நிலத்தையும் நீரையும் காற்றையும் என்ன செய்கின்றது? நம் பேரப்பிள்ளைகளும் அந்நிலத்தில் விளைவித்து உண்ண இயலுமா? இவ்வினாக்களே அம்மூன்றாம் நோக்கத்தின் அடிப்படையாகும்.

இவ்வினாக்களை ஆராய்வதற்கு நம் தீவகத்தினும் ஏற்ற இடம் அரிது. பெருநாடுகளிலே உணவினால் விளையும் கேடு உண்பவன் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. காடு ஒரு கண்டத்தில் அழியும். இறைச்சி மற்றொரு கண்டத்தில் உண்ணப்படும். தீவிலோ அவ்வாறன்று. வயலில் இட்டதும் தோட்டத்தில் இறைத்ததும் சில ஆண்டுகளுள் வீட்டுக் கிணற்றிலே தெரிந்துவிடும். ஆகவே, மரக்கறியுணவினால் சுற்றாடலுக்கும் உடலுக்கும் விளையும் நன்மை யாது, அந்நன்மை எந்நிலையில் கிட்டும், எந்நிலையில் கிட்டாதொழியும் என்பவற்றைத் தீவகத்துக் கிணற்றை அளவுகோலாகக் கொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் நீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கிலும் தென்மேற்கிலும் பரந்துள்ள ஆழமற்ற கடலிலே காரைநகர், ஊர்காவற்றுறையும் வேலணையும் அடங்கிய தீவு, மண்டைதீவு, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு என்பன அமைந்துள்ளன. இவற்றுட் சில தாம்போதிகளாற் குடாநாட்டோடு இணைக்கப்பட்டவை. நயினாதீவும் நெடுந்தீவும் போன்றவற்றுக்குக் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து வள்ளமேறியே செல்லவேண்டும். நெடுந்தீவு ஏறத்தாழ 50 சதுரக் கிலோமீற்றர் பரப்புடையது. கற்களை அடுக்கி எழுப்பிய அதன் வேலிகளே அந்நிலத்தின் இயல்பை எடுத்துரைக்கும். மண் மெல்லிய போர்வை. அதன்கீழ் உள்ளதெல்லாம் சுண்ணாம்புக்கல்.

இத்தீவுகளில் ஆறு இல்லை; மலை இல்லை. ஐப்பசி தொடங்கி மார்கழிவரை வாடைக்காற்றோடு வரும் மாரிமழையே ஆண்டு முழுவதற்கும் உரிய நீர். சோளகம் வீசும் மாதங்களிலே நிலம் காய்ந்து வெடிக்கும். மாரியிற் பெய்த மழையுள் ஒரு பகுதி கடலுக்கு ஓடும். ஒரு பகுதி ஆவியாகும். எஞ்சியது சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடே கீழிறங்கி நிலத்தடியில் தங்கும்.

அவ்வாறு தங்கும் நன்னீர் கற்பாறைமேல் நிற்பதன்று, கடல்நீரின்மேல் மிதப்பது. தீவின் அடியில் நாற்புறத்தினின்றும் கடல்நீர் புகுந்துள்ளது. நன்னீர் கடல்நீரினும் சிறிது இலேசானது. ஆதலால் அது நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் ஒரு வில்லையின் வடிவிலே உவர்நீரின்மேல் மிதக்கின்றது. இதன் கணக்கை 1888ஆம் ஆண்டில் ஒல்லாந்தரான பாடன் கைபனும், 1901ஆம் ஆண்டில் செருமானியரான எர்சுபேக்கும் தனித்தனியே கண்டு கூறினர். கடல்மட்டத்திற்குமேல் 1 அடி உயரத்திற்கு நன்னீர் நிற்குமாயின், கடல்மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்திற்கு நன்னீர் இருக்கும் என்பது அக்கணக்கு. கடல்நீரின் அடர்த்தி நன்னீரினும் நாற்பதில் ஒருபங்கு மிகுதியாய் இருத்தலே இதற்குக் காரணமாகும்.

இக்கணக்கினை மறுபுறமாகவும் நோக்குதல் வேண்டும். இறைப்பினாலே நீர்மட்டம் 1 அடி தாழ்ந்து அந்நிலையிலேயே நிற்குமாயின், காலப்போக்கில் அடியிலுள்ள உவர்நீர் ஏறத்தாழ 40 அடி மேலெழும். நன்னீருக்கும் உவர்நீருக்கும் இடையே கலங்கிய பகுதியொன்று இருப்பதனால், உவர்ச்சுவை அதற்கு முன்னரே கிணற்றிற் காணப்படும். தீவகத்தில் ஒரு வளவுக் கிணறு நல்ல தண்ணீராயும், சில யார் தள்ளியுள்ள அடுத்த வளவுக் கிணறு சவராயும் இருத்தலின் காரணத்தை இதனால் ஓரளவு உணரலாம். நன்னீர்க் கிணற்றடியிற் குடங்கள் வரிசையாய்க் காத்திருப்பதைக் கண்டு வளர்ந்தோருக்கு இதனை மேலும் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

வானம் பார்த்த உணவு

இத்தகைய நிலத்தில் வாழ்ந்த நம் முன்னோரின் அன்றாட உணவு, பெரும்பாலும் கிணற்றிலிருந்து இறைக்கப்படாத நீரினால் விளைந்தது என்பது கருதத்தக்கது. நெல் மாரிமழையைக்கொண்டே விளைந்தது. குரக்கன், சாமை, தினை, வரகு ஆகிய சிறுதானியங்களும், பயறும் எள்ளும் மழையையும் மண்ணில் எஞ்சிய ஈரத்தையும் நம்பி விதைக்கப்பட்டன. சிறுதானியங்கள் நெல்லினும் குறைந்த நீரில், நெல் விளையாத வன்னிலத்திலும் விளையும் இயல்பின. இவ்வியல்பினை உலகம் உணர்ந்தமையாலேயே ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டினை அனைத்துலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது.

இவையனைத்தினும் தலைசிறந்தது பனை. பனைக்கு இறைப்பு வேண்டா, உரம் வேண்டா, வேலி வேண்டா. வறட்சியையும் கடற்காற்றையும் உவர்மண்ணையும் ஒருங்கே தாங்கி அது நூறாண்டளவும் நிற்கும். அதன் பயன்கள் எண்ணூற்றொன்று எனத் ‘தால விலாசம்’ என்னும் பழைய நூல் தொகுத்துரைக்கும். அவற்றுள் உணவாவன மட்டுமே ஓராண்டின் பெரும்பகுதிக்கு நிரவி வருதல் வியத்தற்குரியது. இளவேனிலில் பதநீரும், அதனைக் காய்ச்சிப் பெறும் பனங்கட்டியும், கோடையில் நுங்கு, ஆடி ஆவணியில் பனம்பழமும் பனங்காய்ப் பணியாரமும், பழக்களியை வெயிலிற் பரப்பி உலர்த்திய பனாட்டு. பழம் உண்டபின் எஞ்சும் விதையும் வீணாவதில்லை. அதனைப் பாத்தியில் அடுக்கி மண்ணிட்டால், மாரிமழையிலே முளைத்து, தை மாதமளவிற் கிழங்காகும். அக்கிழங்கை அவித்து உண்ணலாம். அவித்து உலர்த்தினாற் புழுக்கொடியல். பச்சையாய்க் கிழித்து உலர்த்தினால் ஒடியல். ஒடியலை இடித்துப் பெறும் மா, புதிய விளைச்சல் வரும்வரை பானையிற் கெடாமல் இருக்கும். பஞ்ச காலத்திற்கு இதனினும் சிறந்த களஞ்சியம் வேறில்லை.

ஒடியல் மாவைப்பற்றி ஈண்டு ஒரு குறிப்புக் கூறுதல் தகும். அம்மாவை நீரில் ஊறவைத்து, அந்நீரை வடித்து ஊற்றிய பின்னரே கூழுக்கும் பிட்டுக்கும் எடுப்பது நம் பெண்களின் வழக்கம். கைப்பு நீங்குவதற்காக என்பர். ஆய்வுகூடத்தில் எலிகளுக்கு ஒடியல் மாவை மிகுதியாய் ஊட்டியபோது தீங்கு விளைந்ததனை ஆய்வாளர் கண்டுள்ளனர். வெப்பத்தினால் அத்தீங்கு குறைவதும் அறியப்பட்டுள்ளது. எனவே ஊறவைத்தலும் வடித்தலும் நன்கு வேகவைத்தலும் வெறும் சுவைக்காக ஏற்பட்டன அல்ல. பழைய உணவைப் போற்றுவோர் பழைய பக்குவத்தையும் உடன்போற்றுதல் வேண்டும். ஒன்றை எடுத்து மற்றொன்றை விடுதல் கேடு பயக்கும்.

இலைக்கறியும் உடல்நலமும்

சோற்றுக்கும் பிட்டுக்கும் துணையாய் அமைந்தவை இலைக்கறிகள். முருங்கையும் அகத்தியும் வேலியில் நின்றன. முசுட்டை, தூதுவளை, குறிஞ்சா, முல்லை ஆகியன வேலியிற் படர்ந்தன. மாரிமழை பெய்த சில நாளிலேயே சாறணையும் பிற கீரைகளும் விதைப்பாரின்றி முளைத்தன. வல்லாரையும் பொன்னாங்காணியும் கிணற்றடி வாய்க்காலின் ஈரத்திலே வளர்ந்தன. இவற்றைத் தேங்காய்ப்பூவிட்டு வறையாகவும், பாலூற்றிச் சொதியாகவும், அரிசியும் பயறுஞ் சேர்த்து இலைக்கஞ்சியாகவும் ஆக்கினர். இவற்றுக்கெனத் தனியே நிலமும் இல்லை, நீரும் இல்லை. வேலியே தோட்டமாயிற்று, குளித்த நீரே பாய்ச்சலாயிற்று.

இவற்றின் உணவுச்சத்தினை இற்றைநாள் அறிவியல் அளந்து கூறுகின்றது. 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 10 மில்லிகிராம் கல்சியமே உண்டு. 100 கிராம் குரக்கனில் அது 300 மில்லிகிராமினும் மிகுதி. முருங்கையிலையிலும் அவ்வாறே 300 மில்லிகிராமுக்கு மேலுண்டு. பசுப்பாலிலே அது ஏறத்தாழ 120 மில்லிகிராம். தானியத்திலும் இலையிலும் உள்ள கல்சியம் முழுவதும் உடலிற் சேர்வதில்லை என்பது மெய்யே. ஆயினும் இவை வறியவனின் பசு எனத் தகுவன. முருங்கையிலையிலும் பிற பச்சையிலைகளிலும் கண்ணுக்கு இன்றியமையாத விற்றமின் ஏ ஆக மாறும் பொருளும், இரும்புச்சத்தும் உள. இலையிலுள்ள இரும்பு இறைச்சியிலுள்ள இரும்பினைப்போல எளிதிற் குடலால் உறிஞ்சப்படுவதில்லை. எனினும் உடன் எலுமிச்சம்புளி சேருமாயின், அதிலுள்ள விற்றமின் சீ அவ்வுறிஞ்சலைப் பெருக்குகின்றது. வறையிலும் சொதியிலும் இறக்கும்போது தேசிக்காய்ப் புளி விடுதல் எவ்வளவு பொருத்தமான வழக்கம் என்பதை இதனால் அறியலாம். அதற்கு மாறாக, உணவோடு உடன் தேநீர் அருந்துதல் இரும்பு சேர்வதனைத் தடுக்கும்.

நார்ப்பொருளைப் பற்றியும் கூறுதல் வேண்டும். தவிடு நீக்காத அரிசி, குரக்கன், ஒடியல், பயறு, இலைக்கறி ஆகியவற்றில் நார்ப்பொருள் மிகுதி; அதனால் மாப்பொருள் மெதுவாகச் செரித்து, குருதியில் வெல்லம் சட்டென உயராது தடுக்கப்படுகின்றது. தீட்டிய வெள்ளரிசியும் வெண்ணிறக் கோதுமை மாவும் இதற்கு மாறானவை. நீரிழிவும் குருதியமுக்கமும் வீடுதோறும் புகுந்துள்ள இந்நாளில் இவ்வேறுபாடு சிறிதன்று. இறைச்சியைப் பொறுத்தவரையில், உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வகம் 2015ஆம் ஆண்டில், உப்பிட்டும் புகையூட்டியும் பதனிட்ட இறைச்சி மக்களுக்குப் புற்றுநோய் விளைவிப்பது எனவும், மாடு ஆடு முதலியவற்றின் செவ்விறைச்சி அவ்வாறு விளைவிக்கக்கூடியது எனவும் வகுத்துரைத்தது.

விரதமும் அன்னதானமும்

தீவக மக்கள் அனைவரும் எந்நாளும் மரக்கறி உண்டோர் எனக் கூறுதல் உண்மையாகாது. கடல் சூழ்ந்த ஊரிலே மீன் அன்றாட உணவாயிருத்தல் இயல்பே. ஒடியற்கூழே மீனும் நண்டும் இறாலும் இட்டுக் காய்ச்சப்படுதல் பெருவழக்கு. ஆயினும் அக்கூழையே பயற்றங்காயும் பலாக்கொட்டையும் மரவள்ளியும் கீரையும் இட்டுச் சைவக்கூழாகக் காய்ச்சவும் நம்மவர் அறிவர். மீனுண்ணும் வீடுகள் பலவற்றிலும் வெள்ளிக்கிழமை மரக்கறி நாள். செவ்வாய்க்கிழமையும் சிலர்க்கு அவ்வாறே. நவராத்திரி, கந்தசட்டி, திருவெம்பாவை, அமாவாசை, ஊர்க்கோயிற் கொடியேற்றம் முதல் தீர்த்தம்வரையுள்ள நாட்கள் என எண்ணிப் பார்ப்பின், ஆண்டில் ஒரு பெரும்பகுதி இவ்வாறு கழிவதைக் காணலாம். முற்றத் துறந்தோருக்கும் சிறிதுந் துறவாதோருக்கும் இடையே, பெரும்பாலோர் கைக்கொள்ளத்தக்க நடுவழியொன்றினை விரதம் வகுத்துத் தந்தது. அவ்வழி எவரையும் பழிக்கவுமில்லை. எவருடைய தொழிலையும் அழிக்கவுமில்லை.

மரக்கறியுணவு ஒருவருடைய தனிநலத்திற்கு மட்டும் உரியதன்று, ஊரவர் பசியைப் போக்கும் பொதுவுணவுமாகும் என்பதற்கு நயினாதீவு சான்று. மணிமேகலைக் காப்பியத்திற் கூறப்படும் மணிபல்லவம் நயினாதீவே என்பர் அறிஞர் சிலர். கோமுகிப் பொய்கையில் ஆபுத்திரனுடைய அமுதசுரபி மணிமேகலையின் கையை அடைந்ததும், ஆதிரை அதில் முதற்பிச்சை இட்டதும், யானைத்தீ என்னும் தீராப் பசிநோயினால் வருந்திய காயசண்டிகையின் பசி அதனால் தணிந்ததும் யாவரும் அறிந்த வரலாறு. இன்றும் நாகபூசணி அம்பாள் ஆலயத்தைச் சார்ந்த அன்னதான மண்டபம் அமுதசுரபி என்னும் பெயரையே பூண்டு நிற்கின்றது. ஆனி மாதப் பெருவிழாவிலே வள்ளங்களில் வந்திறங்கும் அடியார் கூட்டத்துக்குச் சோறும் மரக்கறியும் படைக்கப்படுகின்றன. சாதியும் செல்வமும் பாராது ஒரே பந்தியில் யாவரும் உண்ணத்தக்கது மரக்கறியுணவே என்பதனால் அது அன்னதானத்திற்கு உரியதாயிற்று. ஆறுமுகநாவலர் கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் பெரும்பஞ்சத்தில், 1877ஆம் ஆண்டளவிலே, வறியோருக்கெனக் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தியதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

ஆயின், காப்பியத்து அமுதசுரபி அள்ள அள்ளக் குறையாதது. தீவகத்துக் கிணறு அத்தன்மையதன்று. பல்லாயிரவர்க்கு அன்னம் படைக்கும் சிறுதீவு, பல்லாயிரவர்க்கு நீரும் அளித்தல் வேண்டும். இவ்வேறுபாட்டை மறத்தலினால் விளைந்த தீமைகளை இனி நோக்குவோம்.

மாறிய உணவும் மாறிய கிணறும்

முதலாவது மாற்றம் இறைப்பிலே நிகழ்ந்தது. முன்னாளில் துலா மிதித்தே தோட்டத்துக்கு நீர் இறைத்தனர். ஒருவர் துலாவில் ஏறி நடக்க, ஒருவர் பட்டை பிடிக்க, மற்றொருவர் பாத்தியில் நீர் கட்டவேண்டும். மனிதருடைய உடல்வலியே இறைப்பின் எல்லையாயிற்று. ஆள் களைத்தபோது கிணறும் ஓய்வு பெற்றது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அவ்வெல்லை நீங்கியது. இயந்திரம் களைப்பதில்லை, ஆதலின் கிணறு ஓய்வதுமில்லை. மிதக்கும் நன்னீர் வில்லைக்கு இது எத்துணைத் தீங்கு என்பதை மேலே கூறிய கணக்கினால் அறியலாம்.

இரண்டாவது மாற்றம் எருவிலே நிகழ்ந்தது. பூவரசங்குழையும் பனையோலையும் தாழ்த்தி, ஆடுமாடுகளைப் பட்டியடைத்து மண்ணை வளமாக்கிய தோட்டங்களில் இரசாயன உரம் புகுந்தது. உரத்திலுள்ள நைதரசன் மண்ணில் நைத்திரேற்றாக மாறும். நைத்திரேற்று நீரில் முற்றுங் கரைவது. மெல்லிய மண்ணையும் வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல்லையும் கடந்து அது விரைவிற் கிணற்றை அடையும். மலகூடக் குழிகளின் கழிவும் இதனோடு சேரும். குடிநீரில் நைத்திரேற்று ஒரு இலீற்றருக்கு 50 மில்லிகிராமினை விஞ்சலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. வெங்காயமும் மிளகாயும் உருளைக்கிழங்கும் புகையிலையும் செறிவாகப் பயிரிடப்படும் குடாநாட்டுச் செம்மண் ஊர்கள் பலவற்றின் கிணறுகள் அவ்வரம்பினைக் கடந்துள்ளமையை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. அத்தகைய நீரிற் பால்மா கரைத்து ஊட்டப்படும் கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கும் நோய் நேரக்கூடும். நீரைக் கொதிக்க வைத்தலினால் நைத்திரேற்று நீங்குவதில்லை. நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடவே செய்யும்.

இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படும். வெங்காயமும் மிளகாயும் உருளைக்கிழங்கும் மரக்கறியே. அவற்றை உண்பவன் எவ்வுயிரையும் கொல்லவில்லை. ஆயினும் அவை விளைந்த முறையினாலே ஊர்க்கிணறு கெடுமாயின், அவ்வுணவு சுற்றாடலுக்கு நன்மை செய்ததென எவ்வாறு கூறுவது? மரக்கறி என்னும் பெயர் மட்டும் ஓர் உணவினைத் தூயதாக்கிவிடாது.

மூன்றாவது மாற்றம் மாவிலே நிகழ்ந்தது. இலங்கையில் கோதுமை விளைவதில்லை. உண்ணப்படுவது முழுவதும் பிறநாட்டிலிருந்து வருவது. இரண்டாம் உலகப்போரிலே பர்மா அரிசி வராது நின்றபோது கோதுமை மாவுணவு நம்மிடையே பெரிதும் பரவிற்று. போர் முடிந்தது, கோதுமை மா போகவில்லை. பாணும், கோதுமைமாப் பிட்டும், இடியப்பமும் ஒடியலையும் குரக்கனையும் அடுக்களையிலிருந்து அகற்றின. 1990ஆம் ஆண்டில் தீவக மக்கள் பெருந்தொகையாய் இடம்பெயர்ந்தபின், வயல்களும் பனம்பாத்திகளும் பராமரிப்பாரின்றிக் கிடந்தன. போர்க்காலத்தில் எண்ணிறந்த பனைகள் காவலரண்களுக்காகத் தறிக்கப்பட்டன. திரும்பி வந்தோர்க்கு நிவாரண மாவே கைக்கெட்டிய உணவாயிற்று. 2022ஆம் ஆண்டில் நாட்டின் அந்நியச் செலாவணி வற்றி, கப்பல்கள் தவறி, மாவின் விலை உயர்ந்தபோதுதான், நம் பானையின் அடி எங்கே உள்ளதென்பதனைப் பலர் உணர்ந்தனர்.

உலகத்தின் நிலை

தீவகத்தில் நிகழ்ந்தது உலகில் நிகழ்வதன் சிறு வடிவமே. உணவை விளைவித்தல், பதனிடல், ஏற்றியிறக்கல் ஆகிய அனைத்தும் சேர்ந்து, மக்களால் வளிமண்டலத்திற் சேர்க்கப்படும் வெப்பம் பொதிந்த வாயுக்களுள் 21 முதல் 37 விழுக்காடு வரை வெளியிடுகின்றன எனக் காலநிலை மாற்றம் பற்றிய நாடுகளுக்கிடையேயான குழு 2019ஆம் ஆண்டின் அறிக்கையிற் கூறியது. அவற்றுட் பெரும்பங்கு கால்நடை வளர்ப்பினது. இரைமீட்கும் மாட்டின் வயிற்றில் மெதேன் வாயு உண்டாகின்றது. மேய்ச்சலுக்கும் தீவனத்துக்குமாகக் காடுகள் அழிக்கப்படுகின்றன. பூவர், நெமெசெக் என்னும் ஆய்வாளர் இருவர் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட விரிவான ஆய்வின்படி, இறைச்சி, பால், முட்டை, வளர்ப்பு மீன் ஆகியவற்றிற்காக உலகின் விளைநிலத்துள் 83 விழுக்காடு பயன்படுகின்றது. அவற்றாற் கிடைப்பதோ மக்களுக்கு வேண்டிய உணவுச்சக்தியில் 18 விழுக்காடே. இறைச்சிக்கென வளர்க்கும் மாட்டிலிருந்து 100 கிராம் புரதம் பெறுவதற்குச் சராசரியாக 50 கிலோகிராம் காபனீரொட்சைட்டுக்கு ஈடான வாயு வெளிப்படுகின்றது. பட்டாணியிலிருந்து அவ்வளவு புரதம் பெறுவதற்கு அரைக் கிலோகிராமுக்கும் குறைவே.

கடல்மட்டம் உயருமாயின் முதலிற் கேடுறுவது தாழ்ந்த தீவுகளே. கரையோரம் கடலுக்கு இரையாகும். நன்னீர் வில்லையும் சுருங்கும். எங்கோ எரிந்த காட்டின் விளைவு எம் கிணற்றில் உவராய் வந்து முடியும். ஆதலால் உலகம் மரக்கறியுணவை நோக்கித் திரும்புதல் தீவகத்தாருக்குப் புறக்கணிக்கத்தக்க செய்தியன்று. 2019ஆம் ஆண்டிலே உலக அறிஞர் பலர் கூடிய ‘ஈட்–லான்செற்’ ஆணைக்குழு, தவிடு நீக்காத தானியம், பருப்பு, காய், கனி, கொட்டைகள் ஆகியவற்றைப் பெரும்பகுதியாகவும், மீனும் பாலும் அளவாகவும், செவ்விறைச்சி மிகச் சிறிதாகவும் கொள்ளும் உணவினையே பரிந்துரைத்தது. வெள்ளிக்கிழமை மரக்கறியும், மற்றைநாளில் இலைக்கறியோடு சிறிது மீனும் கொண்ட தீவகத்து ஏழை வீட்டின் பழைய உணவுக்கும் இதற்கும் இடையே வேற்றுமை அதிகமில்லை.

சில ஐயங்கள்

மீன் பிடித்து வாழ்வோரின் கதி யாது என ஒருவர் வினவலாம். தக்க வினாவே. கரையோரத்தில் சிறுவள்ளத்திற் சென்று வலைவீசும் தொழிலாளி கடலைக் கெடுப்பவனல்லன். கடலின் அடித்தளத்தை வாரிச் செல்லும் இழுவைமடியே மீனின் குஞ்சையும் அதன் உறைவிடத்தையும் அழிப்பது. இலங்கையில் 2017ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தடைசெய்தது. மரக்கறி உண்போரும் மீன்பிடிப்போரும் ஒருவருக்கொருவர் பகைவரல்லர். கடலும் கிணறும் இருவர்க்கும் பொதுவான முதல்.

பால் கொள்ளலாமா என மற்றொருவர் வினவலாம். நெடுந்தீவின் கற்றரைகளிலே பயிர் விளையாவிடினும் புல் முளைக்கின்றது. மனிதர் உண்ணமாட்டாத அப்புல்லைப் பாலாக்கித் தருவது மாடு. எருவாக்கித் தருவதும் அதுவே. விளைநிலத்தைப் பறித்துத் தீவனம் ஊட்டும் பெருந்தொழுவங்களோடு இதனை ஒப்பிடல் முறையன்று. அன்றியும், விற்றமின் பீ12 என்னும் சத்துத் தாவரவுணவில் இல்லை. அது குன்றினால் குருதிச்சோகையும் நரம்புத் தளர்ச்சியும் உண்டாகும். பாலும் தயிரும் மோரும் கொள்வோர் இக்குறையினை ஓரளவு தவிர்ப்பர். பாலையும் நீக்குவோர், சிறப்பாகக் கருவுற்ற மகளிர், மருத்துவரின் ஆலோசனைப்படி அச்சத்தினைத் தனியே கொள்ளுதல் வேண்டும். அறத்தின் பெயரால் உடல்நலத்தை அலட்சியம் செய்தல் அறமாகாது.

உரத்தையெல்லாம் ஒரேநாளில் ஒழித்துவிடலாமே எனச் சிலர் கருதுவர். 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியைத் திடீரென நிறுத்தியது. எருவும் பயிற்சியும் ஆயத்தமாகாமையால் விளைச்சல் வீழ்ந்தது. அவ்வாண்டு நவம்பரிலேயே தடை நீக்கப்பட்டது. மண் வளம் ஆணையினால் வருவதன்று. ஆண்டுக்காண்டு இடும் குழையினாலும் எருவினாலும் வருவது.

செய்யத்தக்கன

ஆகவே, ஊரவர் தாமே தொடங்கக்கூடிய சிலவற்றைக் கூறி முடிப்பாம். வேலியில் மீண்டும் முருங்கையும் அகத்தியும் முசுட்டையும் வளர்த்தல் வேண்டும். வாரத்தில் இரண்டு மூன்று வேளையாவது கோதுமை மாவுக்கு ஈடாக அரிசிமா, குரக்கன்மா, ஒடியல்மா ஆகியவற்றைக் கொள்ளுதல் வேண்டும். அன்னதான மண்டபங்களின் இலையிலும் ஒருநாள் வரகுச்சோறும் முருங்கையிலை வறையும் இடம்பெறுமாயின், உயர்ந்தோர் உணவு தீட்டிய அரிசியே என்னும் மயக்கம் நீங்கும். மாரியில் கூரைநீரைத் தொட்டியிற் சேர்த்தலும், குளங்களையும் கேணிகளையும் தூர்வாரலும், உரத்தை அளவறிந்து இடுதலும், கிணற்றுக்கு ஓய்வளித்து இறைத்தலும் வேண்டும். கிணற்று நீரை ஆண்டுதோறும் மாரிக்கு முன்னும் பின்னும் ஆய்ந்து குறித்துவைத்தல் நம் பாடசாலை மாணவரால் எளிதிற் செய்யத்தக்க அரும்பணியாகும்.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பனம்விதை நடுதல் வேண்டும். தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பது நம்மவர் பழமொழி. நட்ட பனை பாளையீனப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளும் அதற்கு மேலுஞ் செல்லும். நாம் இன்று உண்ணும் நுங்கும் ஒடியலும், தாம் உண்ணமாட்டோம் என்று அறிந்தே நட்டுச் சென்றவர்களின் கொடை. கிணற்றில் எஞ்சியுள்ள நன்னீரும் அத்தகைய கொடையே. அதனைக் குறையாமற் காத்து அடுத்தவர் கையில் ஒப்படைக்கும் உணவு எதுவோ, அதுவே தீவகத்தாருக்குச் சைவவுணவு எனக் கொள்வோமாக.